அமிலத்தில் கழுவிய ஓடுகள்

2026 மார்ச் 12, வியாழன், இரவு 11.40, பிராங்பேர்ட். இன்று அளந்த ஓட்டுத்துண்டுகள் 36. உருப்படியானது ஒன்றுகூட இல்லை.

மெக்சிகோவின் பசிபிக் கரையில் ஆதியில் குடியிருந்தவர்கள் கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார்களா என்பதுதான் என் ஆய்வு. காலையில் அவர்களுடைய பானைத் துண்டுகளில், உப்பின் தடயமான குளோரைட்டு எக்கச்சக்கமாக வந்தது. துள்ளிக் குதித்தேன். பிறகு, ஒப்பிடுவதற்காகச் சாப்பாட்டுத் தட்டுகளின் துண்டுகளை அளந்தேன். அவற்றிலும் அதே அளவு. தட்டில் எவன் உப்புக் காய்ச்சுவான்?

எங்கள் ஆய்வுகூடத்தில் துண்டுகளைச் சுத்தம் செய்துதந்த சுலோ அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, எதாலை கழுவினனீங்கள்?"

"சுண்ணாம்பு வெள்ளையாப் பிடிச்சுக் கிடந்தது தம்பி. தண்ணி விட்டு ஐதாக்கின ஐதரோகுளோரிக் அமிலத்திலை போட்டு எடுத்தனான். வடிவா வந்ததெல்லோ?"

"நான் தேடுறதே குளோரைட்டு. அதையே ஊத்தி வைச்சிருக்கிறியள்!"

"அதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ? 'கெதியாக் கழுவித் தாங்கோ' எண்டு பெட்டியை வைச்சிட்டு ஓடினது ஆர்?"

கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். அவர் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிச்சல். திங்கட்கிழமை ஆய்வு நிதிக்கான அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போகவேண்டும். அதில் உப்பைத் தவிர வேறு சரக்கு இல்லை.

நாளைக்கு:

1. உப்புக் கதை இப்போதைக்கு இல்லை என்று பேராசிரியரிடம் நேரே சொல்வது.
2. நிலவறைப் பெட்டிகளில் கழுவாத துண்டுகள் மிச்சம் இருக்கின்றனவா என்று தேடுவது.
3. நிலவறைச் சாவி சுலோ அக்காவிடம் இருக்கிறது. ஆகவே, எல்லாவற்றுக்கும் முதல் அவரிடம் மன்னிப்பு.