எல்லோரும் சேர்ந்து கழற்றிய வயர்

மார்ச் 3, செவ்வாய்

என் வீட்டுக்காரருடைய ஆக்சிஜன் மெஷினில் பாதிக் காற்றுதான் வருகிறது. கம்பெனி இன்ஜினியர் வந்தார், ஷூவைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தார். "பார்ட்ஸ் வெளிநாட்டிலேர்ந்து வரணும். இப்ப இருக்கிற பொருளாதார நெருக்கடியில எதுவும் வராது. நீங்க தொடாதீங்க. தெரியாதவங்க கை வெச்சா உயிர் போயிடும்."

தொடாமல் இருந்தால் மட்டும் உயிர் நிற்குமா? கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 5

வாடகைக்கு ஒரு சிலிண்டர் கிடைத்தது. எத்தனை நாள் தாங்கும்? தெருமுனைக் கடைக்குப் போகக்கூட இவரைத் தனியாக விடப் பயம்.

மார்ச் 7, சனி

இவருக்குத் துணையாக நாத்தனாரை வைத்துவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு நர்ஸோடு போனேன். மூடிப்போன ஜவுளிக்கடைக்குள் ஒரு நீள மேசை. தொழிலெல்லாம் படுத்ததிலிருந்து சனிதோறும் இங்கே கூடி, ஆளுக்குத் தெரிந்ததை வைத்துப் பழுது பார்க்கிறார்களாம். ஒரே சட்டம்: பொருளைக் கொண்டு வந்தவர்தான் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க வேண்டும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் என்ன மெக்கானிக்கா?"

"ராத்திரி மெஷின் நின்னா நாங்களா ஓடி வருவோம்? பிடிங்கம்மா" என்றார் சைக்கிள் கடை அண்ணன்.

பிடித்தேன். ரிடையரான பிசிக்ஸ் வாத்தியார் காற்று போகும் வழியை மேசைமேலேயே சாக்பீஸால் வரைந்தார். மூட்டுகளில் சோப்பு நுரை தடவச் சொன்னார் அண்ணன். ஒரு குழாயில் குபுகுபுவென்று குமிழி — அங்கேதான் கசிவு! ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட மெஷினிலிருந்து அதே மாதிரிக் குழாயை நர்ஸ் கேட்டு வாங்கி வந்தாள். மாட்டினேன். முழுக் காற்று. அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

மார்ச் 14, சனி

ஜவுளிக்கடை வாசலில் அதே இன்ஜினியர். கம்பெனி கிளையை மூடி அவரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டதாம். "நானும் உட்காரலாமா?" நறுக்கென்று நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டேன்.

நடந்ததைக் கேட்டவர், "அலாரம் அடிக்குதாம்மா?" என்றார்.

எனக்குத் திக்கென்றது. போன வாரம் மேசையில் பழுது பார்க்கும்போது அது வீல்வீலென்று கத்த, பேச முடியாமல் எல்லோருமாக "அதோட வயரைக் கழட்டுங்க" என்றார்கள். கழற்றினேன். எல்லோரும் சேர்ந்து சொன்ன வேலை. திரும்ப மாட்டுவது யார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை! ஒரு வாரமாக வீட்டில் இவர், காற்று குறைந்தால் எழுப்பும் அலாரம் இல்லாமல்தான் தூங்கியிருக்கிறார். அட கடவுளே!

வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்ஜினியர் மட்டும், "முதல்ல எல்லாரும் அதைத்தான் கழட்டுவாங்க. நானும் கழட்டிட்டு மறந்திருக்கேன்" என்றார். என்னோடு வீட்டுக்கு வந்தார். டார்ச் பிடித்துக்கொண்டு, வயரை என்னையே மாட்டச் சொன்னார்.

மார்ச் 15

காப்பாற்றியது யார்? குழாயா, நுரையா, டார்ச்சா? யாரென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

மார்ச் 28, சனி

இன்று ஒரு அம்மா பையனின் நெபுலைசரை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். ஸ்க்ரூடிரைவரை நீட்டியதும் என்னைப் போலவே சீறினார். இன்ஜினியர் சிரித்தபடி, "அவங்க பக்கத்துல நீங்க உட்காருங்கம்மா" என்றார் என்னிடம். உட்கார்ந்தேன்.

நடுவில் இவர் போன் செய்தார். "மெதுவா வா. தங்கச்சியை அப்பவே அனுப்பிட்டேன். சமையல் நானே பண்ணிட்டேன், உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, வந்து திட்டாத."

இவ்வளவையும் சொல்லும்போது ஓர் இடத்தில்கூட இவருக்கு மூச்சு வாங்கவில்லை.