மெமரியும் யானைக் கால்களும்

6.7.98, திங்கள்
காற்று, தூறல். துணி காயவில்லை. மருந்து, தயிர், புது ஃப்ளாப்பி வாங்க வேண்டும்.

மில்லுக்கு யானைப் படம் போட்ட போர்வை டிசைன். கம்ப்யூட்டர் இன்றும் மூன்று முறை நின்றுபோனது. மெமரி போதவில்லை. முழுப் படமும் திறக்காது. துண்டு துண்டாக வரைந்து ஒட்டுகிறேன். மேனேஜர் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருக்கிறார். தவறினால் அடுத்த வேலை வேறு ஆளுக்கு.

அத்தைக்கு ஒரே பேச்சு: “ஏழு மாசம் அம்மணி. அந்தப் பொட்டிய மூடிப்போட்டுப் படு.” மாமியார் சொல்வதிலும் நியாயம். ஆனால் என் வேலை.

7.7.98, செவ்வாய்
இவர் பம்பு கம்பெனி ஷிஃப்ட் முடிந்து காந்திபுரம் போய் 64 எம்.பி. மெமரி வாங்கி வந்தார். நனையாமல் டிபன் பாக்ஸுக்குள், கவரோடு! புதுசு, 100 மெகாஹெர்ட்ஸ் வேகம். நம் கம்ப்யூட்டர் போர்டு பழசு, 66தான். பொருத்தினேன். 64இல் பாதிதான் கணக்குக் காட்டியது. பழையதையும் சேர்த்துப் போட்டேன். திரை இருட்டு.

“வேகமா இருந்தா நல்லதுன்னு நெனச்சுபோட்டேன் கண்ணு.”

கத்திவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, மனிதர் மதியமும் சாப்பிடவில்லை. தோசை சுட்டுக் கொடுத்தேன்.

8.7.98, புதன்
பூத்திலிருந்து கடைக்குப் போன். “பொட்டியோட கொண்டாங்க. போட்டுப் பாத்தாத்தான் தெரியுமுங்க.” இவருக்கு லீவு இல்லை. நான் தூக்கக் கூடாது. யோசித்தபடி வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். திரும்பினால் அத்தை பெட்டியைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருக்கிறார்!

பஸ்ஸில் வழி முழுக்க அவர் மடியில்தான் அது.

கண்டக்டர்: “ஏனுங்க, டி.வி.ங்களா?”

“எம் மருமவளோட பொழப்புங்க.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைக்கார பாய் திறந்து பார்த்தார். வேகம் குற்றமில்லையாம், 100 என்றாலும் நம் போர்டில் 66ஆகவே ஓடும். புது மெமரியில் ஒரு பக்கம் மட்டும் பெரிய சில்லுகள் இருப்பதுதான் கோளாறு. “ஒங்க போர்டுக்கு அதை முழுசா எண்ணத் தெரியாதுங்க. ரெண்டு பக்கமும் சில்லு இருக்கறதா போடோணும்.” பழையதைக் கழற்றிவிட்டு, கடையில் இருந்த மெமரிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மூன்றாவது முழு 64 காட்டியது.

அத்தை விடவில்லை. “நிறுத்திப்போட்டு இன்னொருக்கா போடுங்க.” மறுபடியும் 64. பாய் சிரித்துவிட்டு அவருக்கு டீ, எனக்குப் பால் சொன்னார்.

9.7.98, வியாழன்
முதல் தடவையாக முழுப் போர்வையும் ஒரே திரையில். கத்திக் கூப்பிட்டேன். அத்தை மாவுக் கையோடு வந்து நின்றார். குனிந்து, கண்ணைச் சுருக்கித் திரையை உற்றுப் பார்த்தார். பிடிக்கவில்லையோ?

“ஏன் அம்மணி, இந்த ஆனைக்கு அஞ்சு காலா?”

எண்ணினேன். ஐந்து! இரண்டு துண்டு ஒட்டிய இடத்தில் ஒரு கால் கூடுதல். துண்டாகப் பார்த்ததில் தெரியவே இல்லை. அப்படியே தறிக்குப் போயிருந்தால்? சிரிப்பு, உடனே அழுகை. அத்தையும் சிரித்தார், கண்ணில் நீர் வர. என் கன்னமெல்லாம் மாவு.

சாயந்தரத்துக்குள் அந்த ஐந்தாம் காலை அழித்தாயிற்று.

10.7.98, வெள்ளி
வெயில், கடைசியில். இவர் ஃப்ளாப்பியை மில்லில் கொடுத்துவிட்டு வந்தார். மேனேஜருக்குத் திருப்தி. தீபாவளி வரை வேலை இருக்கிறதாம், முடியுமா என்று கேட்டிருக்கிறார். குழந்தை செப்டம்பரில். இவர் என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன்.

அத்தை வெண்டைக்காய் அரிந்துகொண்டே: “சரின்னு சொல்லிப்போடு. கொழந்தைய நான் பாத்துக்கறேன்.”