இளவரசி சேந்தியின் பொற்காப்பு மெய்யெனக் கண்டு விடுத்த ஓலை

மருதவேலி நாட்டை முறை வழுவாது ஆளும் பெருங்கோப்பெண்டு நல்லியக்கித் தேவியாரின் திருமுன்னர், குன்றநாட்டு வேந்தர் ஆணையால் முதலமைச்சன் வேண்மான் கொற்றன் வணங்கி விடுக்கும் ஓலை. தேவியாரின் ஏரிகள் நிறைக; குடிகள் நோயின்றி வாழ்க.

எம் மலையெல்லைத் தலைவர் எறுழனார் மக்கட்பேறின்றி மறைந்தமையின், அவர் மாளிகைப் பொருள்கள் ஊரறிய ஏலம் விடப்பட்டன. பழைய விளக்குகளோடு வந்த பெட்டியொன்றில் சிறுமியர் அணியும் பொற்காப்பு ஒன்று கிடந்தது. அதன் உட்புறத்தில் தங்கள் குலத்து நாரை இலச்சினையைக் கண்ட அதிகாரி, ஏலத்தை நிறுத்தி அதை எம்மிடம் சேர்ப்பித்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆற்றுத் திருவிழாக் கூட்டத்தில் ஆறு வயதில் காணாமற்போன இளவரசி சேந்தியாரின் காப்புத்தானோ அது என்று ஆராய, பொன்னும் மணியும் ஆய்ந்து மதிப்பிடும் அரண்மனை மணிநோட்டகர் தத்தனாரைப் பணித்தோம்.

தாங்கள் அறிவித்த பரிசிலுக்கு ஆசைப்பட்டோர் கொண்டுவந்த போலிக் காப்புகள் நான்கை முன்னரே கண்டு விலக்கியவர் அவர். இதுவும் போலியாய் இருந்துவிடக் கூடாதா என்று விரும்பியே உரைகல்லை எடுத்தார். அவரும் மகளைப் பெற்றவர்; மெய்யாயின் அதை அணிந்த சிறுமிக்கு யாது நேர்ந்ததோ என்று அஞ்சினார். ஒப்பிட்டுப் பார்க்கத் தாங்கள் முன்பே அனுப்பிய, அரண்மனையில் எஞ்சிய இணைக்காப்பின் பொன்னும் இதன் பொன்னும் கல்லில் ஒரே நிறம் காட்டின. காப்பின் உள்ளே நிரப்பிய அரக்கின் பழமையும் ஒத்தது. இணைக்காப்பில் நாரையின் அலகு அச்சுப் பிசகிச் சற்றே வளைந்திருக்கிறது; இதிலும் அவ்வாறே. பொய் செய்வோன் அதை நேராக்கியிருப்பான் என்று கூறி, காப்பு மெய்யே என்று தத்தனார் மொழிந்தார்.

மகிழ்ந்து எழுந்த எம்மை அவர் அமரச் சொன்னார். காப்பு இருமுறை வெட்டி அகலமாக்கப்பட்டிருப்பதையும், இரண்டு ஒட்டுகளும் சிற்றூர்த் தட்டார் செய்த எளிய வேலை என்பதையும் காட்டினார். வளரும் கைக்காக யாரோ அதைப் பெரிதாக்கியிருக்கின்றனர். இளவரசியார் அன்று ஆற்றோடு போகவில்லை, தேவியே, எவரோ வளர்த்திருக்கின்றனர். முதல் ஒட்டு நெடுநாள் அணிந்து தேய்ந்து வழவழத்திருக்கிறது. பதினோரு வயதுக் கைக்கு வைத்த இரண்டாம் ஒட்டின் விளிம்போ இன்னும் கூராகவே உள்ளது. அதன்பின் விரைவிலேயே காப்பு ஏன் கழற்றப்பட்டது என்பதைப் பொன் சொல்லாது என்றார் தத்தனார்.

எறுழனாரின் பண்டகக் காவலரை விசாரித்தோம். வழிப்போக்கரான உப்பு வணிகர் சிலரிடம் தம் தலைவர் அதை வாங்கினார் என்பதன்றி வேறொன்றும் தமக்குத் தெரியாது என்றார். எட்டுத் திங்கள் தேடியும் அவ்வணிகர் தென்படவில்லை. மலைப்புறத் தட்டார் அனைவரிடமும் ஒட்டுகளைக் காட்டினோம். தம் கைவேலை என்று ஒருவரும் ஏற்கவில்லை.

காப்பைத் தத்தனாரே கொணர்கிறார். பேழையில் இட மனமின்றித் தம் கையிலேயே ஏந்தி வருகிறார். தாங்கள் வினவப்போவது யாதென்று அவர் அறிவார். அதற்கு விடை அவரிடம் இல்லை. அவர்மேல் சினவாதிருக்க வேண்டுகிறோம்.

எம் வேந்தரின் ஆணை: ஒவ்வொரு சுங்கச் சாவடியிலும் தேடல் தொடர்க; எக்காரணத்தாலும் அது நிறுத்தப்படலாகாது. தேடவேண்டியவர் இப்போது பதினெட்டு வயதுப் பெண். அவர் முகம் எவ்வாறிருக்கும் என்று காவலர் கேட்கின்றனர். சொல்ல வல்லார் எம் நாட்டில் எவருமிலர்.

ஆட்சியாண்டு இருபத்தொன்று, தைத் திங்கள் ஒன்பதாம் நாள், வேந்தர் கண்முன் குன்ற இலச்சினை பொறிக்கப்பட்டது.