பவழாயியின் ழகரம்

இன்று காலை உன் கல்லறையில் கல்லை நிறுத்தினார்கள். கல்வேலைக்காரர் கடைசியாக ஒருமுறை ஓரத்தைத் தேய்த்தபோது ஈரக் கல்தூளின் வாசனை எழுந்தது. ஈப்போ நகரத்தில் நின்றுகொண்டே நான் நினைவில் காம்பார் ஊர்ப்பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்கு, அந்த எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவே, போய்விட்டேன்.

அது ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்தில் இறந்த தொழிலாளர்களின் கல்லறைக் கற்கள், செம்பனை நட்ட பிறகும் அங்கேயே கிடந்தன. எல்லாம் ஒரே கை செதுக்கிய எழுத்துகள். தலை கனத்து, கால் மெலிந்து, எந்த அச்சிலும் நான் பார்த்திராத வடிவம். அவற்றிலிருந்து கணினிக்கு ஓர் எழுத்துரு செய்ய ஆசைப்பட்டேன். கல்மேல் மெல்லிய தாளை விரித்து, மெழுகுக் கட்டியால் தேய்த்துப் படியெடுப்பது உன் வேலை. தேய்க்குமுன் ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படிப்பாய். "பேரச் சொல்லிக் கேக்காம எடுத்தா திருட்டு லா," என்பாய்.

ஒருநாள் நண்பகலாகியும் ழகரம் மட்டும் நமக்கு அகப்படவில்லை. புல்லை விலக்கிக்கொண்டே போய், கடைசி வரிசையில் சாய்ந்திருந்த கல்லில் நீதான் அதைக் கண்டாய்.

"பவழாயி!" என்று அதிலிருந்த பெயரை மகிழ்ச்சியில் கூவினாய்.

"வாரேன்," என்றது ஒரு பெண்குரல்.

மிக அருகில். வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வருகிறவளின் அலுத்த குரல். திரும்பினோம். செம்பனை வரிசை நேராக நீண்டு கிடந்தது, ஆளில்லை. நீ மறுபடி கூப்பிடப் போனாய். நான் உன் வாயைப் பொத்தினேன். தாள்களை அள்ளிக்கொண்டு காருக்கு ஓடினோம்.

ழகரத்தை நானே வரைந்துகொள்கிறேன் என்றேன். நீ கேட்கவில்லை. மறுவாரம் தனியாகப் போய்ப் படியெடுத்து வந்தாய்.

"அங்க என்னாடி நடந்துச்சு?"

"எழுத்து கிடைச்சிருச்சுல்ல. போதும் லா."

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் நீ உடனே திரும்புவதில்லை. இரண்டு மூன்று முறை கூப்பிட வேண்டும். ஏன் என்று கேட்டேன். "மொத தடவ கூப்பிடுறது யாருன்னு தெரியாது," என்றாய். சிரிப்பாய் என்று காத்திருந்தேன். நீ சிரிக்கவில்லை.

மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் படுத்தாய். கடைசி நாள் காலையில் உன் கட்டிலருகே நான் உட்கார்ந்திருந்தேன். நீ வாசல் பக்கம் பார்த்தாய். யாரும் கூப்பிடவில்லை.

"வாரேன்," என்றாய்.

எழுத்துருவை முடித்துவிட்டேன். உன் கல்லில் வெட்டியிருப்பதும் அதுதான். எல்லாரும் போன பிறகு உன் அம்மா என் கையைப் பிடித்தார். "கண்ணு மங்கிப்போச்சுமா. என்னா எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டு."

முணுமுணுத்தேன்.

"கேக்கல. சத்தமாப் படி."

உன் பெயரைச் சத்தமாகப் படித்தேன். எங்கிருந்தும் பதில் இல்லை. வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோது, வரவில்லையே என்று இருந்தது. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வந்த பிறகும் அந்த அமைதி என்னைவிட்டுப் போகவில்லை.