அந்தோணியார் பெட்டியில் விழுந்த இரண்டு சீட்டுகள்

மரியே வாழ்க

இராயபுரம்,
புதன்கிழமை காலை

அன்பு மகன் சாவியோவுக்கு உன் அம்மா இருதயம்மாள் ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவும் சுகமாக இருப்பதாக எழுதச் சொன்னார், ஆனால் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அதைச் சொன்னதால் நீ பாதியை நம்பினால் போதும். தெற்கே அவ்வளவு தூரத்தில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, மனசு எப்படி இருக்கிறது என்பதை ஒளிக்காமல் எழுது. உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சிறை அலுவலக ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, போன கடிதத்தில் நான் எழுதிய நெத்திலிக் குழம்புக் குறிப்பில் நான்கு வரியை மை பூசி மறைத்துவிட்டுக் கொடுத்தார்களாம், பிள்ளை எழுதியிருந்தான். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை, புளியின் அளவுதான். உங்கள் வீட்டில் செய்து பார்ப்பதானால் நெல்லிக்காய் அளவு போதும், அதற்கு மேல் போட்டால் நான் பொறுப்பில்லை.

இங்கே விசேஷம் என்றால், கல்யாணத் தரகர் போன வாரம் மறுபடியும் வந்தார். பையன் இப்போது என்ன செய்கிறான் என்று பெண் வீட்டார் கேட்கிறார்களாம். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அரசாங்கச் செலவு, வாசலில் இருபத்து நாலு மணி நேரமும் துப்பாக்கியோடு காவல் நிற்கிறது என்று சொன்னேன். அப்படியானால் பெரிய அதிகாரிதான் என்று அவர் நோட்டில் எழுதிக்கொண்டு போனார். உள்ளே உட்கார்ந்திருந்த அப்பா என்னை முறைத்த முறைப்பை நீ பார்த்திருக்க வேண்டும். உன் பத்திரிகையைப் பற்றியும் கேட்காதவர்கள் இல்லை. நீ யோசித்து யோசித்து வைத்த பெயரை ஒருவரும் சொல்வதில்லை, சாவியோ பேப்பர் எப்போ வரும் என்றுதான் கேட்கிறார்கள். சாவு வீட்டுச் செலவுக்குப் பணம் சேர்க்கிற நம் தெருச் சாவு சங்கத்தில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று நீ மூன்று இதழ் எழுதினாயே, அன்றைக்கு உன்னை வாய்க்கு வந்தபடி ஏசிய சங்கத் தலைவர் இப்போது என்னைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். முதல் கூட்டத்திலேயே டீ ஆறிப்போயிருக்கிறது என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எண்ணூரில் உப்பங்கழியை மூடிக் கிடங்கு கட்டக் கூடாது என்று எழுதியதற்கும், ஜனங்களைச் சாலையில் வந்து உட்காரச் சொன்னதற்கும் உன்னைப் பிடித்துப் போய் ஏழு மாதம் ஆகிறது. இப்போது அரசுத் தரப்பில், நான் எழுதியது தவறு, இனி மூன்று வருடம் எழுத மாட்டேன், கூட்டம் கூட்ட மாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் ஜாமீனுக்கு ஆட்சேபம் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். போடாவிட்டால் வழக்கு முடிய ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும் என்று வக்கீல் ரிஃபானா சொல்கிறாள். இருபத்தெட்டாம் தேதி கோர்ட்டில் உன் பதிலைச் சொல்ல வேண்டும். நீ என்னடாவென்றால், அம்மாவும் அப்பாவும் என்ன சொல்கிறீர்களோ அப்படியே செய்கிறேன் என்று எழுதிவிட்டாய். ஏண்டா, பி.காம். சேரச் சொன்னேன், தமிழ் இலக்கியம் சேர்ந்தாய். துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு மனு போடச் சொன்னேன், பத்திரிகை போட்டாய். முடி வெட்டிக்கொள்ளச் சொன்னதைக்கூட நீ ஒருநாளும் கேட்டதில்லை. முப்பத்தைந்து வயது வரைக்கும் எங்கள் பேச்சைக் கேட்காமல் இருந்துவிட்டு, கேட்பதற்கு இந்த விஷயம்தானா கிடைத்தது?

உன் கடிதம் வந்த அன்று நானும் அப்பாவும் ஆளுக்கு இரண்டு தரம் படித்தோம். அவன் இஷ்டம் என்றார் அப்பா. ஆமாம், அவன் இஷ்டம்தான் என்றேன் நான். இரண்டு பேரும் பெரிய மனுஷர்கள் மாதிரி தலையை ஆட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் ஜெபத்துக்குப் போனோம். விண்ணப்பப் பெட்டியில் நான் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு சீட்டை மடித்துப் போட்டேன். அப்பாவும் எனக்குத் தெரியாமல் ஒன்று போட்டிருக்கிறார். சீட்டில்தான் பேர் எழுதுகிற வழக்கம் இல்லையே, அந்தத் தைரியம் இரண்டு பேருக்கும். எழுபது சீட்டு விழுகிற பெட்டியில் இந்த இரண்டும் எப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் உட்கார்ந்ததோ, அந்தோணியாருக்கே வெளிச்சம்.

சீட்டு வாசிக்கிற டெரிக் அண்ணனை உனக்குத் தெரியும். ரயில்வேயில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதை வாசித்தாலும் அரக்கோணம் வண்டி தாமதமாக வருகிற குரலில்தான் வாசிப்பார், முன்கூட்டிப் பார்த்துவைக்கிற பழக்கமும் கிடையாது. பரீட்சையில் தேற, குழந்தை வரம் கிடைக்க, துபாய் விசா வர என்று வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது, “சிறையில் இருக்கும் என் மகன் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சீக்கிரம் வீடு வந்து சேர” என்று வாசித்தார். கோயில் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்து, உருக்கமாக, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றது. அடுத்த சீட்டை எடுத்தார். “சிறையில் இருக்கும் என் மகன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாமல் உறுதியாக இருக்க.” ஜனங்கள் அதற்கும் அதே உருக்கத்தோடு வேண்டிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்கள், சொல்லி முடித்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. பின் வரிசையில் யாரோ சிரித்துவிட, சாமியார் பீடத்தில் நின்றுகொண்டு வராத இருமலை வரவழைத்து இருமினார். வெளியே வந்ததும் இறால் விற்கிற பூவம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னா இருதயம், வூட்லயே பேசிகினு வரக் கூடாதா? ஒருத்தரு போட வைய்யின்றீங்கோ, ஒருத்தரு போடாம வைய்யின்றீங்கோ, அவுரு இன்னாதான் பண்ணுவாரு பாவம், கையில கொயந்த வேற கீது” என்றாள். சிலையில் அந்தோணியார் குழந்தை யேசுவைத் தூக்கிக்கொண்டிருப்பதைச் சொல்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தெருவில் எல்லோரும் நினைத்தது என்ன தெரியுமா, வந்துவிடு என்று எழுதியது பெற்ற வயிறு, போடாதே என்று எழுதியது பழைய தொழிற்சங்கத்துக்காரரான உன் அப்பா இக்னேஷியஸ் என்று. டெரிக் அண்ணன் அப்பாவின் தோளைத் தட்டி, நீ இரும்புடா என்றார். அப்பா வீட்டைப் பார்த்து நடந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, “போடாதன்னு எய்துனது நீயா?” என்று கேட்டார். ஆமாம், போடச் சொன்னது நீங்களா என்றேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீ பிறந்த வருடம் அவர் கிரேன் ஓட்டிய சரக்குக் கம்பெனியில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, முடிந்த பிறகு பதினொரு பேரை வெளியே தள்ளினார்கள், அதில் அப்பாவை மட்டும் திரும்ப எடுத்தார்கள், அந்தக் கிரேனை ஓட்ட வேறு ஆள் இல்லாததால்தான் எடுத்தார்கள் என்ற கதையெல்லாம் நீ பால் குடிக்கிற காலத்திலிருந்து கேட்டதுதான். “அது பொய்யி இருதயம். நான் மன்னிப்பு எய்திக் குடுத்துட்டு உள்ள போனவன். எவனுக்கும் தெரியாது. புள்ளைக்குப் பால் டப்பா வாங்கக் கையில ஒன்னும் இல்ல, போட்டுட்டேன்” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியும் என்றேன். இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால்தானே அந்தக் கார்பன் நகலைச் சொருகி வைத்திருக்கிறீர்கள், அதே வருட கிறிஸ்துமஸுக்குப் படத்தைத் துடைக்கும்போதே பார்த்துவிட்டேன் என்றேன். ஒவ்வொரு டிசம்பரும் நான் துடைக்கிறேன் நான் துடைக்கிறேன் என்று அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார், உங்களுக்கு முட்டி வலி, இறங்குங்கள் என்று நான் விரட்டுவேன், நகலையும் சேர்த்துத் தூசி தட்டி அதே இடத்தில் வைப்பேன். முப்பத்தைந்து கிறிஸ்துமஸ் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. இதை உனக்கு எழுதச் சொன்னதே அப்பாதான், என்னைத் திட்டாதே.

இப்போது விஷயத்தைக் கேள். அவர் சொல்கிறார், “போட்டதாலதான் அவன் தவுந்தத பாத்தேன், தோள்ல வச்சிகினு ஸ்கூலுக்குப் போனேன். அந்தப் பத்துப் பேரு புள்ளைங்கள வுட்டுட்டு ஊர் ஊரா வேலை தேடிகினு போனானுங்க. போட்டதுல எனக்கு நஷ்டம் இல்ல. அவனும் போட்டுட்டு வரட்டும், என் கண்ணு முன்னாடி நடக்கட்டும்.” அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் மிச்சத்தைப் பார்த்தவள் நான். அதற்குப் பிறகு ஒரு மேடையிலும் அவர் ஏறவில்லை, கூப்பிட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்பார். நீ மே தின இதழில் வளையாத கை என்று அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய் அல்லவா, அன்று அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. பெருமையாக இருக்கிறது என்று நீ போட்டோவோடு வந்து நின்றாய், அவர் கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். நல்ல மனுஷர், உன்னை நினைத்து ஒரு கையெழுத்துப் போட்டார், அதற்காக உன்னை ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை, தன்னைத்தான் கோபித்துக்கொண்டார். நீயும் எங்களை நினைத்துப் போட்டுவிட்டு வந்து, இதே கூடத்தில் உட்கார்ந்து, தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்வதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால்தான் போடாதே என்று எழுதினேன். வீரம் எல்லாம் ஒன்றும் இல்லை ராசா. எனக்கு நீ வேண்டும். உன் சட்டைகளை வாரத்துக்கு ஒரு தரம் துவைத்து, காயவைத்து, மடித்து வைக்கிறேன், யாரும் போடாத சட்டையை ஏன் துவைக்கிறாய் என்று அப்பா கேட்டால் துறைமுகத் தூசி என்கிறேன். அந்தச் சீட்டை எழுதிப் போட்ட பிறகு பெட்டியைத் திறந்து எடுத்துவிடலாமா என்று இரண்டு தரம் நினைத்தேன், சாவி சாமியாரிடம் இருந்தது.

ஒரு வாரம் நானும் அவரும் சண்டை போட்டோம், நல்ல சண்டை, பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அதற்குப் பிறகு நேற்று செவ்வாய்க்கிழமை ஒரே சீட்டு போடுவது என்று முடிவாயிற்று. அப்பாதான் எழுதினார், நான் திருத்தப் போனேன், கையைத் தட்டிவிட்டார். டெரிக் அண்ணன் வழக்கம்போல முன்கூட்டிப் பார்க்காமல் வாசித்தார். “எங்கள் மகன் சாவியோ எங்களுக்காக எதையும் செய்யாமல், தனக்குச் சரி என்று படுவதைச் செய்ய. இப்படிக்கு இருதயம்மாள், மற்றும் மகனுக்காக ஒருமுறை மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட கிரேன் ஓட்டுநர் இக்னேஷியஸ்.” கடைசி வரியை வாசித்துவிட்டு டெரிக் அண்ணன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோயிலில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அப்பா எழுந்து நின்றார், அவராகவே எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றார், சாவியோ, தொண்டை கட்டாமல் சொன்னார், அதற்குப் பிறகுதான் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். வாசலில் அன்பரசன் அண்ணன் காத்துக்கொண்டிருந்தார், அன்று வேலை போன அந்தப் பத்துப் பேரில் ஒருவர், அப்புறம் மீன் வண்டி ஓட்டிப் பிழைத்தவர். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அப்பாவைப் பார்த்து, “அன்னிக்கே தெரியும் மாமு. கம்பெனி பியூனே வந்து சொல்லிட்டான். உன் புள்ள அப்போ கைக்கொயந்த, அதான் வுட்டுட்டோம். இத்த சொல்றதுக்கு முப்பத்தஞ்சு வருசமா? வா, டீ சாப்ட்லாம்” என்றார். தெரிந்து வைத்துக்கொண்டே இத்தனை வருடம் என்னை நடிக்க விட்டிருக்கிறார்கள் பாவிகள் என்று அப்பா வீடு வரைக்கும் புலம்பிக்கொண்டு வந்தார். வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

ஆகவே எங்கள் பதில் இதுதான். எங்கள் இரண்டு பேர் ஆசையும் உனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர், அதனால் அதை வைத்துக்கொண்டு நீ ஒன்றும் செய்ய முடியாது. போட்டுவிட்டு வந்தால் வஞ்சிரம் வறுக்கிறேன். போடாவிட்டால் மாதம் ஒரு தரம் ரயிலேறி வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று திட்டிவிட்டுப் போகிறேன். ஆனால் எங்கள் பேரைச் சொல்லிப் போடவும் கூடாது, எங்கள் பேரைச் சொல்லிப் போடாமல் இருக்கவும் கூடாது, அதை மட்டும் தாங்க மாட்டோம்.

தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், அந்தோணியார் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். வயிற்றுப் புண் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடு, பின்னால் இல்லை. இருபத்தெட்டாம் தேதி காலையிலேயே கோர்ட்டுக்கு வந்துவிடுவோம். நீ எந்தப் பதிலைச் சொன்னாலும் கைதட்டப் போகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். உள்ளே கைதட்டினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் அங்கிள் என்று ரிஃபானா எச்சரித்துப் பார்த்தாள். அனுப்பட்டுமே, வாசலில் நின்று தட்டுகிறேன், அவனுக்குக் கேட்கும் என்கிறார்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்று, இன்னும் திட்டிக்கொண்டிருக்கும் அம்மா
இருதயம்மாள்