உன் அண்ணன் வைத்த சுவிட்ச்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், இந்த முறை அது ஒப்புக்கு எழுதுவது இல்லை, சர்க்கரை இறங்கிவிட்டது, டாக்டரே ஒப்புக்கொண்டார். அம்மாவும் நலம், முழங்கால் வலிக்கு மட்டும் அவளை விட்டுப் போக மனம் வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? உன் அண்ணனுக்கென்ன, வெட்கம் இருந்தால்தானே உடம்பு இளைக்கும், நன்றாகத்தான் இருக்கிறான். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது அவன், நான் சொல்ல வேண்டியதும் அவனைப் பற்றி, அதனால்தான் கடிதம்.

என் கண் ஆபரேஷனுக்குப் பிறகு டியூப் லைட் கூசுகிறது என்று அம்மா பின்னறையில் ஒரு மேசை விளக்கு வைத்தது உனக்குத் தெரியும். அதன் பிளக் கட்டிலுக்குப் பின்னால் தரையோரம் இருக்கிற பெட்டியில். அதில் இரண்டு பாயிண்ட், மேலே விளக்கு, கீழே என் இன்சுலினுக்காக நீ வாங்கி அனுப்பிய குட்டி ஃப்ரிட்ஜ். விளக்கில் சுவிட்ச் கிடையாது, அதைப் போட ஒவ்வொரு தடவையும் குனிந்து பிளக்கைச் சொருக வேண்டும், ஒருநாள் குனிந்தவன் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கதவுப் பக்கம் ஒரு சுவிட்ச் வைத்தால் போதும், ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு என்றேன். உன் அண்ணன் சிரித்தான். "இதுக்கெல்லாமா ஆளைக் கூப்பிடுவாங்க, ஒரு வீடியோ பாத்தா அரை மணி நேர வேலைப்பா" என்றான். கம்பெனியில் விபத்தைத் தடுப்பது எப்படி என்று வகுப்பெடுக்கிறவன் அல்லவா, மெயினை அணைக்காமலே பெட்டியைத் திறந்து ஒரு அலறல் அலறினான், பக்கத்து வீட்டில் நாய் பதில் சொன்னது. அரை மணி நேர வேலை ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தின்றது. கடைசியில் கதவோரம் ஒரு சுவிட்ச் முளைத்தது, கோணலாக. போட்டால் விளக்கு எரிந்தது, அணைத்தால் அணைந்தது, அம்மா கைதட்டினாள். உனக்குப் போட்டோ அனுப்பினானாம், நீயும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாயாம்.

அதற்குப் பிறகுதான் என் சர்க்கரை ஏறத் தொடங்கியது. ஊசி ஒழுங்காகப் போட்டும் ஏறியது, டாக்டர் அளவைக் கூட்டினார், அப்போதும் ஏறியது. "ஒளிச்சு வச்சுத் தின்னா மருந்து என்ன செய்யும்" என்றான் உன் அண்ணன். பிஸ்கட் டப்பா பூட்டுக்குள் போனது, கடைத்தெருவில் என்ன வாங்கித் தின்கிறேனோ என்று என் சாயங்கால நடையும் நின்றது. போதாததற்குக் கட்டிலடியில் அடிக்கடி தண்ணீர் தேங்கியது. நான் செம்பைக் கவிழ்த்தேன் என்றார்கள் முதலில், அப்புறம் அதைவிடக் கேவலமாக ஒன்றை நினைத்துக்கொண்டார்கள், வாயால் சொல்லாமல் படுக்கையில் ரப்பர் விரிப்பை விரித்தார்கள். வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். டிக்கெட் இல்லாதவன் முழிக்கிற முழி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் பிள்ளைகள் என் முகத்தில் அதைத் தேடுகிறார்கள் என்பதும் தெரிந்தது. வீடியோ காலில் நீங்கள் இரண்டு பேரும் விசாரணை நடத்தினீர்களே, நினைவிருக்கிறதா? நான் எதையும் தொடவில்லை என்றேன். "அப்பா, பொய் சொல்லாதீங்கப்பா" என்றாய் நீ. அடுத்த மாதத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வைப்பது என்று தீர்ப்பும் சொன்னாய், எனக்குக் குளியலறை வரை துணை வர ஒருத்தன்.

காது மந்தமானவன் ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள், நான் கையால்தான் கண்டுபிடித்தேன். கட்டிலிலிருந்து எழும்போது அந்த ஃப்ரிட்ஜின் தலையில் கை ஊன்றி எழுவேன். ஒரு மத்தியானம் விளக்கைப் போட எழுந்தேன், கை ஊன்றினால் அது செத்த மாதிரி கிடந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து மறுபடி கை வைத்தேன், நடுங்கியது. அணைத்தேன், செத்தது. போட்டேன், உயிர் வந்தது. விளக்குக்கு வைத்த சுவிட்ச் ஃப்ரிட்ஜையும் சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தது! அந்த அறைதான் பகலிலும் இருட்டாயிற்றே, மருந்து எடுக்க வருகிற ஆள் முதலில் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் வரும், ஆகவே யார் வந்து பார்த்தாலும் ஃப்ரிட்ஜ் நல்லபிள்ளையாக ஓடும். மற்ற நேரமெல்லாம் அந்தப் புழுக்கத்தில் என் மருந்து வெந்துகொண்டிருந்தது. "இப்பல்லாம் மருந்து சில்லுனு இல்ல, உங்களுக்கும் வலிக்காது" என்று உன் அம்மா சந்தோஷப்பட்டதை என்னவென்று சொல்வது. கட்டிலடித் தண்ணீர் என்னுடையது இல்லை, உறைந்த ஐஸ் தினமும் உருகி வடிந்தது. கொண்டுபோய்க் காட்டியதும் டாக்டர் மருந்தைத் தூக்கிக் குப்பையில் போட்டார், இத்தனை நாளும் வெறும் தண்ணீரைக் குத்திக்கொண்டிருந்தீர்கள் என்றார்.

இதைச் சொன்னதும் உன் அண்ணன் காலில் விழுவான் என்று நினைத்தாயா? ஒரு டேப்பைக் கிழித்து சுவிட்ச் மேல் ஒட்டி "அணைக்கக் கூடாது" என்று எழுதினான். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்ததாம். மூஞ்சிக்கு நேரே எரிகிற விளக்கில் நான் தூங்க வேண்டுமாம். அம்மா ஒரு சத்தம் போட்ட பிறகுதான் எலெக்ட்ரீஷியன் வந்தான். பெட்டியைத் திறந்தவன், இரண்டு பாயிண்டையும் சேர்க்கிற சின்னத் தகட்டை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று காட்டினான். வெட்டி, கீழ்ப் பாயிண்டுக்குத் தனியாக ஒரு வயர் இழுத்தான், நான் தேநீர் ஆற்றிக் குடிப்பதற்குள் முடிந்தது. "இதை யாரு சார் செஞ்சது?" என்று சிரித்தான். உன் அண்ணன் கண் கொட்டாமல் சொன்னான், "முன்னாடி ஒரு எலெக்ட்ரீஷியன் வந்தாரு, அந்த ஆள் பண்ணின வேலை." அப்போது பார்த்தேன் மகளே, டிக்கெட் இல்லாதவன் முழி. இத்தனை வருடம் ஊரான் முகத்தில் பார்த்ததை என் வீட்டிலேயே பார்த்தேன். பெற்ற பிள்ளையை வெளி ஆள் முன்னால் பொய்யனாக்க எனக்கு வராது. அந்தப் பெருந்தன்மை உங்கள் இரண்டு பேருக்கும் எங்கிருந்தும் ஒட்டவில்லை, அம்மாவிடம் கேட்டால் என் தலையில்தான் போடுவாள்.

உன் அண்ணன் என்னை நம்பாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை, அவனுக்கு வீடியோ போதும். நீ ஒரு வார்த்தை தனியாகக் கேட்டிருக்கலாம். பொய் சொல்லாதீங்கப்பா என்றாயே, அந்தச் சுடுசொல்லை நான் இன்னும் முழுங்கவில்லை. எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம், நீ பார்த்து வைத்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிடு, அதை நீயே சொல்ல வேண்டும், அண்ணன் மூலமாக இல்லை. ரப்பர் விரிப்பை நானே மடித்து அவன் கட்டிலில் வைத்துவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். குழந்தை வளர்ந்து எதையாவது நான் செய்யவில்லை என்று சொன்னால், முதலில் நம்பு, பிறகு கட்டிலடியில் குனிந்து பார். அம்மா குழந்தைக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள். குளிர் நாளில் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
ஒரு பிஸ்கட்டும் தொடாத
உன் அப்பா