மஞ்சுப்புள் தென்படும் இடம் குறித்து மலைக்காவலருக்கு

மழை தவறாது பொழிக. முகிலூர் நாடு நலம் பெறுக. மறைந்த மன்னர் வெண்குடைப் பெருமாளின் மூத்த மகளும், அவருக்குப் பின் முடிசூடக் காத்திருப்பவளுமாகிய ஆதிமங்கை, வடமலைக் காவல் பூண்டவரும் எம் தந்தையாரின் போர்த்தோழருமாகிய ஏனாதி குன்ற மழவராயருக்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் மனையார்க்கும் உம் வாயில் காக்கும் வீரர்க்கும் நோயற்ற வாழ்வு வாய்க்கட்டும்.

மலையில் மஞ்சுப்புள்ளைத் தன் கண்ணால் கண்டு அவைமுன் சத்தியம் செய்தவரே இந்நாட்டில் முடிசூடலாம். காணாதவர் நாட்டைக் காக்கலாம், ஆனால் முடியும் இல்லை, அரசர் வரிசையில் பெயரும் இல்லை என்பது முன்னோர் வைத்த வழக்கம். எளிதில் கண்ணில் படாத அப்பறவை தவறாமல் வரும் இடத்தைத் தேடிச் சொல்ல உம்மைப் பணித்தோம். நீர் எழுதி அனுப்பியதோ, தேடவே வேண்டாம், தூவானக்குடி என்னும் மலையூரைக் காலி செய்து எரித்துவிட்டால் அடுத்த கார்காலத்தில் பறவை தானே வந்து அமரும், உம் தந்தையார்க்கும் மருதங்கல்லில் அப்படித்தான் செய்தோம், காடு மூடி இப்போது அங்கே பறவை வருவதில்லை என்பது. சந்தைக்கு வழி சொல்வது போல எழுதியிருந்தீர்.

நம்ப மனமின்றி மருதங்கல்லுக்கு யாமே சென்றோம். அவ்வூரில் பிறந்து, தீயிலிருந்து தப்பி, இப்போது தூவானக்குடியில் வாழும் மாதி என்பவள் வழிகாட்டினாள். கூரையில்லாச் சுவர்களுக்குள், சாம்பல் கலந்த மண்ணில் மட்டும் செழிக்கும் கரும்பழப் புதர் இன்னும் மிச்சமிருக்கிறது. பறவை வருவது அந்தப் பழத்துக்கு. ஒரு தலைமுறை கழிந்து காடு மூடினால் புதர் பட்டுப்போகும், பறவையும் போய்விடும், மறுபடி ஓர் ஊர் வேண்டும். தெய்வக்குறி என்று நாம் கும்பிட்டுவந்த சங்கதி இவ்வளவுதான் ஐயா.

மாதி ஊருக்குள் நேரே கால் வைக்கவில்லை. வாசல் இருந்த ஒவ்வோர் இடத்திலும் நின்று, உள்ள வரலாமா என்று கேட்டாள். பதில் வராத வீட்டுக்குள் நுழைவது தங்கள் வழக்கமில்லை என்றாள். இங்கே இன்னும் பறவை வருவதை மலைமக்கள் எவரும் உம் ஆட்களுக்குக் காட்டாததும் அதனால்தான். கடைசி வாசலில் கேட்டபோது உள்ளிருந்து பதில் வந்தது. தாழ்ந்து, இழுத்து, பெண்குரல் போல் இருந்தது. அது தன் அக்காள் வீடு என்று சொல்லி மாதி அழுதாள். எட்டிப் பார்த்தால், உரலின் மேல் மஞ்சுப்புள் அமர்ந்திருந்தது. உடல் சாம்பல் நிறம், தொண்டையில் மட்டும் செம்மை. எம்மைக் கண்டு அது பறக்கவில்லை. யார் நீ, எதற்கு வந்தாய் என்று வீட்டுக்காரி பார்ப்பது போல் பார்த்தது. அன்று முதல் யார் பேசினாலும் நடுவில் அந்தக் குரல் கேட்கிறது. எமக்குப் பயமாக இருக்கிறது, மழவராயரே.

கண்டோம் என்று சொன்னால் நாளையே முடிசூட்டுவர். சூடியபின் வழக்கத்தை ஒழிக்கலாமே என்பீர். ஊரை எரித்து வந்த முடியைத் தலையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எமக்கு வாய் வராது. ஆகவே காணவில்லை என்றே அவைமுன் சத்தியம் செய்வோம். பொய்ச்சத்தியத்தின் பாவம் எம்மோடு போகட்டும். முடியில்லாமலும் நாடு நடக்கும் என்பதைப் பின்வருவோர் பார்க்கட்டும்.

ஆதலின் ஆணை யாதெனில், தூவானக்குடியில் ஒரு கூரையும் எரியலாகாது, ஒரு குடும்பமும் பெயரலாகாது. அடிவாரத்தில் நீர் நிறுத்திய படையை இவ்வோலை கண்ட பொழுதே திருப்புக. எம்மேல் வைத்த அன்பினால் செய்தேன் என்று பின்னர் வந்து நிற்க வேண்டாம்.

முடிசூடாதவள் பெருமுத்திரை இடுவதற்கில்லை; கைமோதிரம் அழுத்தியுள்ளோம். மோதிரத்து ஆணைதானே என்று தயங்குவீராயின், இவ்வோலை தூவானக்குடியிலிருந்து எழுதப்படுகிறது என்பதையும், மாதி வீட்டிலேயே யாம் குடியேறிவிட்டோம் என்பதையும் அறிக. தீ வைப்பதானால் எமக்கும் சேர்த்தே வைக்க வேண்டியிருக்கும்.